எந்த சார்?

ஆராய்ச்சிக்கென்று கல்லூரி ஒதுக்கித் தந்தது தரைக்குக் கீழே இருந்த ஓர் அறை. ஜன்னல் கிடையாது. பூட்டைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. இதாவது கிடைத்ததே என்று உளவியல் பேராசிரியை டெக்னீஷியனைக் கூட்டிவந்து ஒரு ஸ்பீக்கரை மாட்டச் சொன்னாள்.

முகம் தெரியாத குரல் ஒன்று சொன்னால் மனிதர்கள் எவ்வளவு நேரம் கீழ்ப்படிவார்கள்? அதுதான் அவள் ஆராய்ச்சி. வருகிறவர் தனியாக உள்ளே போவார். "சுவரைப் பார்த்து நில்லுங்கள்" என்று ஸ்பீக்கர் ஒரே ஒரு முறை சொல்லும். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று முன்பே சொல்லிவிடுவாள். பெரும்பாலானவர்கள் பத்து நிமிடத்தில் அலுத்துப்போய் வந்துவிட்டார்கள்.

நாலாம் நாள் போன டாக்சி டிரைவர் இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. கதவைத் திறந்தாள். நெற்றியைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"ஏங்க, வெளிய வந்திருக்கலாமே?"

"எப்படிம்மா வர்றது? அசையாதே, அசையாதேன்னு சார் சொல்லிக்கிட்டே இருந்தாரே."

"எந்த சார்?"

ஸ்பீக்கரில் பதிவாகியிருந்தது அவளுடைய குரல்.

சந்தேகம் டெக்னீஷியன் மேல் விழுந்தது. ஒயரெல்லாம் அவன் கையில். போதாக்குறைக்கு ஆள் விளையாட்டுப் பேர்வழி. துறைத்தலைவர் மாதிரி பேசிக் காட்டி எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பவன்.

மறுநாள் ஸ்பீக்கரைக் கழற்றி அலமாரியில் பூட்டினாள். அவனைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். நர்ஸ் ஒருத்தியை, சுவரைப் பார்த்து நிற்கும்படி வாயாலேயே சொல்லி, உள்ளே அனுப்பினாள்.

நர்ஸைக் கைத்தாங்கலாகத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

"சார் ரொம்பக் கோவக்காரரு மேடம்," என்று அழுதாள். "பின்னாலயே நின்னாரு. மூச்சு கழுத்துல பட்டுச்சு."

அவள் போனதும் பேராசிரியை டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள். "உள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்கே? மரியாதையா சொல்லிடு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா நான் இல்ல மேடம். நானே போய் நிக்கறேன். அப்பவாவது நம்புவீங்களா?"

கதவுக் கண்ணாடி வழியே அவனைக் கவனித்தாள். சுவரைப் பார்த்தபடியே, முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டிக் குறும்பு காட்டினான்.

கை சட்டென்று நின்றது.

"போதும், வா."

வரவில்லை.

உள்ளே போய் அவன் தோளைத் தொட்டாள். உடம்பு விறைத்திருந்தது.

"சத்தம் போடாதீங்க மேடம்," என்று கிசுகிசுத்தான். "சார் இப்ப உங்களைத்தான் பாக்கறாரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படியேறி வெயிலுக்கு வந்தாள். அன்றே அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தாள். ஆராய்ச்சியைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனவன் ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை. அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று மனம் உறுத்த, ஞாயிறு காலை வீட்டிலிருந்து போன் செய்தாள். அவன் மனைவி எடுத்தாள்.

"எப்படிம்மா இருக்காரு?"

"நிக்கறாரு மேடம். சமையல் ரூம் சுவரைப் பாத்துக்கிட்டு."

"நீ கூப்பிட்டுப் பாக்கலையாம்மா?"

"ஐயோ, நான் எப்படிக் கூப்பிடறது? சார் திட்டுவாரே."

மறுமுனையில் அவள் யாரிடமோ "சரிங்க, சரிங்க" என்பது கேட்டது.

"மேடம், உங்களையும் நிக்கச் சொல்றாரு."

போனைத் துண்டித்தாள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்று நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

சுவரின் குளிர்ச்சி மூக்கில் பட்டபோதுதான், தான் எழுந்து வந்திருப்பதே அவளுக்குத் தெரிந்தது.