காவலியின் பன்னிரண்டாவது தடம்

காவலிக்குப் பதினொரு தடப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பன்னிரண்டாவதில்தான் சண்டை.

தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த உவர்நீக்கி நிலையம் மூன்று மாவட்டங்களுக்குக் குடிநீர் கொடுத்தது. அதை நடத்திய கணினிகள் அங்கே இல்லை; மேகக்கணிமையில் எங்கெங்கோ இருந்தன. யார் வந்தார், எதைத் தொட்டார் என்று அவை ஓயாமல் எழுதித் தள்ளிய தடப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைப் படித்து, கணினிக்குள் நுழையும் கள்ளனைப் பிடிக்கத்தான் காவலி என்ற காப்பறிவி, அதாவது காவலுக்கென்றே செய்த செயற்கை நுண்ணறிவு. முதலில் அத்தனையையும் அதற்கு ஊட்டிப் பார்த்தார்கள். உணவகத்துக் கதவு திறந்ததற்கெல்லாம் ஊளையிட்டு எல்லாருடைய உயிரையும் வாங்கியது. ஆளாளுக்கு அதன் சத்தத்தை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கடைசியில், காவலி கூர்ந்து படிக்கப் பன்னிரண்டு தடங்கள் போதும் என்று முடிவானது.

தேர்வுப் பிரிவின் தலைவி மங்கையர்க்கரசி. எந்தத் தடத்தைக் காவலிக்குக் காட்டுவது, எதை அணைப்பது என்பதெல்லாம் அவளுடைய மின்சாவியின் கையில் இருந்தது. அவளுக்குக் கீழே வேலை பார்த்த இக்னேஷியஸ் அந்தச் சாவியின் தடப்பதிவையே சேர்க்கச் சொன்னான்.

“அக்கா, கள்ளப்பய மொதல்ல என்ன செய்வான்? நாம பாக்குத தடத்த அணைப்பான். அத அணைக்க ஒங்க சாவியால மட்டும்தான் முடியும். அதையும் காவலி பாக்கட்டுமே.”

“அப்போ என்னையே சந்தேகப்படுதியோ?”

“ஒங்களையில்லக்கா, ஒங்க சாவிய.”

“ரெண்டும் ஒண்ணுதாம்ல. பதினஞ்சு வருசமா இந்தத் தண்ணிக்குக் காவல் கெடக்கேன். எனக்கே காவலா?”

முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நேர்மையானவள். மறுக்கக் காரணம் கிடைக்காததால் முறைத்துக்கொண்டே அதைச் சேர்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் இருவரும் உணவகத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காவலி கூவியது. மங்கையர்க்கரசியின் சாவி, குளோரின் கலக்கும் பிரிவின் தடப்பதிவை அணைக்கப் போகிறதாம். சாவிக்குரியவளின் கையிலோ சாம்பார். யாரோ அவள் சாவியை நகலெடுத்திருந்தார்கள்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். அந்தத் தடம் அணைந்துவிட்டால் குளோரினை எத்தனை மடங்கு கூட்டினாலும் வெளியே தெரியாது. ஓட்டப்பிடாரத்தில் அவள் தங்கை இந்நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்ததும் இன்னும் வேகமாக ஓடினாள்.

திரையைப் பார்த்ததும் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். காவலி சாவியை முடக்கியிருந்தது. தடம் அணையவில்லை. குளோரின் அளவு துளியும் மாறவில்லை.

“தப்பிச்சோம்க்கா!” என்றான் பின்னாலேயே ஓடிவந்த இக்னேஷியஸ்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “ஒன் வாய்க்குச் சர்க்கரைதாம்ல போடணும்.”

மூச்சு சீரானதும் காவலியிடம் கேட்டாள். “அது நான் இல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?”

“கண்டுபிடிக்கவில்லை,” என்றது காவலி. “நீங்கள் என்றுதான் நினைத்தேன். காரணம் சொல்லாமல் ஒரு தடத்தை அணைக்கப் போனீர்கள். நிறுத்தினேன்.”

இக்னேஷியஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் தண்ணீரைக் காப்பாற்றிக் கொடுத்த காவலியோடு என்ன சண்டை போடுவது?

“சரி, புதுச் சாவி குடு.”

“இன்னொருவரின் ஒப்புதல் வேண்டும்.”

ஒப்புதல் கொடுக்க இக்னேஷியஸ் உடனே திரையில் விரலை வைத்தான்.

“செல்லாது. இதுவரை ஒப்புதல் கொடுத்த உங்கள் விண்ணப்பங்களில் ஒன்றைக்கூட இவர் திறந்து படித்ததில்லை என்று சாவியின் தடத்தில் இருக்கிறது. இப்போதும் படிக்கவில்லை.”

“அக்கா சொன்னா சரியாத்தான இருக்கும்னு…” என்று இழுத்தான்.

குழாய்ப் பிரிவுப் பொறியாளரைக் கூப்பிட்டாள். அவரும் வந்த வேகத்தில் விரலை வைத்தார். ஆய்வகத்து அம்மாள் திரைப் பக்கம் திரும்பாமலே விரலை வைத்தார். “ஒங்கள நம்பாம வேற யார நம்ப, மேடம்?” என்றார். இயக்குநரும் அதையேதான் சொன்னார், இன்னும் சத்தமாக. எதுவும் செல்லாது என்றது காவலி.

வேறொரு நாளாக இருந்தால் மங்கையர்க்கரசிக்குப் பெருமையில் தலைகால் புரிந்திருக்காது. இன்று அந்த நம்பிக்கையே அவளைப் பயமுறுத்தியது. சாவியோடு சேர்ந்து இத்தனை பேரின் நம்பிக்கையும் அந்தக் கள்ளன் கைக்குப் போயிருந்தது.

“அப்போ எனக்குச் சாவியே கெடைக்காதா?”

“உங்களைச் சந்தேகப்படும் மனிதர் ஒருவர் வந்தால் கிடைக்கும். இப்போதைக்கு இந்த நிலையத்தில் அதைச் செய்வது நான் மட்டும்தான்.”

அவள் கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தாள். இத்தனை வருடமும் தான் ஒருத்தி தவறிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே இருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இனி அவளே தவறினாலும் தடுத்து நிறுத்தக் காவலி இருந்தது; அந்தப் பயம் இறங்கிப் போயிருந்தது.

“நீயாவது இருக்கியே,” என்றாள்.