முதலிடம் தேடி நடந்த வீடு

கொன்றையூர் அன்று காலை முந்நூற்று நாற்பதாவது இடத்துக்கு இறங்கியது. மதியச் சாப்பாட்டுக்குள் பாதி ஊர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது.

எழுந்து நடந்தவை வீடுகள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஆறு கால் இருந்தது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வீடு நெடுஞ்சாலையில் போகும். மேடு ஏறும்போது மட்டும் பாத்திரத்தை ஒரு கை பிடித்துக்கொண்டால் போதும். எங்கே போவது என்று யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்வதில்லை. ஊருக்கு ஊர் நலமானிக் கோபுரம் இருந்தது. அது காற்றை முகர்ந்து, தண்ணீரைச் சுவைத்து, இரைச்சலைக் கேட்டு, தெருவில் போகிறவர்களில் எத்தனை பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றும் எண்ணி, வாழ்வதற்கு அந்த ஊர் நாட்டிலேயே எத்தனையாவது என்பதை உச்சியில் எழுதிக்காட்டும். முன்னணி ஊர் எதுவோ அதைப் பார்த்து வீடு தானாக நடக்கும்.

சிங்காரவேலுவின் வீடு நடக்கவில்லை. ஒரு எருமையைத் தாண்டும்போது அதன் இடது நடுக்கால் பிசகிவிட்டது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிங்காரவேலுவுக்கு இதில் வருத்தம் கிடையாது. அவருடைய பங்கையும் சேர்த்து மனைவி மரகதம் வருத்தப்பட்டாள். காரணம், மகள் மதிவதனியின் கல்யாணம். அவளுக்கும் செழியனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. ஆனால் சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் ஊரின் இடத்தைக் கேட்கிற காலம் அது. செழியனின் அப்பா கோதண்டபாணி திரையில் தோன்றிச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பொண்ணு தங்கம். ஆனா முதல் பத்துக்குள்ள இல்லாத ஊர்ல கை நனைக்கிற வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது. ஆவணி முடியறதுக்குள்ள நீங்க நல்ல ஊரா பாத்து வந்துட்டா மேற்கொண்டு பேசலாம். இல்லேன்னா நாங்க வேற இடம் பாக்க வேண்டியதுதான். நாங்க இப்ப நெய்தல்நகர்ல இருக்கோம். முதலிடம்!"

"ஊரு நல்லாயிருக்காண்ணா?" என்றாள் மரகதம்.

"எங்க! நேத்துதான் வந்தோம். ஒரே நெரிசல், தண்ணிக்கு க்யூ. என்ன கிரகமோ, நாங்க எந்த ஊருக்குப் போனாலும் போன வேளை அது கெட்டுப்போயிடுது."

திரை அணைந்ததும் மரகதம் கணவரிடம் திரும்பினாள். "அந்தக் காலைச் சரி பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? எருமை கூட எந்திரிச்சுப் போயிடுச்சு."

"அதுக்கு நாலே கால்டி. பராமரிக்கறது சுலபம்."

பழுது பார்ப்பவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் கடையும் நடந்து போயிருந்தது.

ஊரில் மிஞ்சியவை கால் துருப்பிடித்த வீடுகள் கொஞ்சம்தான். அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. வரிசையில் நிற்க ஆளில்லாததால் வரிசை ஒழிந்தது. ஹாரன் அடிக்க ஆளில்லாததால் இரைச்சல் ஒழிந்தது. ஏரித் தண்ணீரில் அடியில் போகும் கெளுத்தி கண்ணுக்குத் தெரிந்தது. கோபுரத்தில் ஊரின் இடம் இருநூறு, நூறு, நாற்பது என்று ஏறிக்கொண்டே வந்தது. முகம் சுளித்தது மரகதம் ஒருத்திதான். "அம்மா, சுளிக்கறதா இருந்தா உள்ள வந்து சுளி. கோபுரம் பாக்குது" என்று மதிவதனி அவளைக் கூடத்துக்கு இழுத்துப்போனாள்.

ஆவணி கடைசி வாரத்தில் கொன்றையூர் ஆறாவது இடத்துக்கு வந்தது. சேதி கேட்ட கோதண்டபாணி அப்போதே வீட்டைக் கிளப்பினார். அவரோடு நெய்தல்நகரில் பாதியும் கிளம்பியது.

தெருவெல்லாம் கால்கள். கோதண்டபாணியின் வீடு இரண்டு மாடிவீடுகளுக்கு நடுவே புகுந்து, சிங்காரவேலுவின் வீட்டை ஒட்டி உட்கார்ந்தது. அவர் பட்டு வேட்டியோடு வந்து கூடத்தில் அமர்ந்தபோது ஜன்னல் வழியே கோபுரம் தெரிந்தது. அவர் உட்கார்ந்தபோது அதில் ஆறு. கேசரி வந்தபோது ஐம்பத்தெட்டு. தட்டை மாற்றிக்கொள்ள எழுந்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு. வெற்றிலையும் தேங்காயும் இருந்த தட்டோடு அவர் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சார், ஆறாவது இடம்னீங்க?"

"ஆறுதான் சார். நீங்க தெரு முனை திரும்பற வரைக்கும்" என்றார் சிங்காரவேலு.

மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள். மதிவதனி முன்னால் வந்தாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு கிரகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாரும் ஒண்ணா வந்து இறங்கினா எந்த ஊருதான் தாங்கும்? நாளைக்கு அவங்கல்லாம் முதலிடத்தைப் பாத்துக் கிளம்பிடுவாங்க. நீங்க மட்டும் கிளம்பாம இருந்து பாருங்களேன்."

"இப்ப எதும்மா முதலிடம்?"

செழியன் தன் கைத்திரையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "நெய்தல்நகர்ப்பா. நாம கிளம்பினதும் ஏறிடுச்சாம்."

கோதண்டபாணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, மகனை அழைத்துக்கொண்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனார். எழச் சொன்னார். வீடு முக்கியது, முனகியது. அந்த நெரிசலில் ஒரு காலைக்கூட மடக்க முடியவில்லை. அவர் வீட்டுச் சமையல்காரரோ வழி நெடுகிலும் பாத்திரத்தைப் பிடித்த களைப்பில் படுத்துவிட்டார். பசி இருநூற்றுப் பன்னிரண்டைப் பார்க்குமா? வம்சத்திலேயே முதல் முறையாக ஒருவர் அந்த மாதிரி ஊரில், அதுவும் சிங்காரவேலு வீட்டில், கை நனைத்தார். வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வீடுகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. நூற்றைம்பது, எழுபது, முப்பது. தான் உட்கார்ந்திருக்கும்போதே ஓர் ஊர் மேலே ஏறுவதை அவர் பார்த்ததே இல்லை. ஒன்பது வந்ததும், "தட்டை எடுங்க சம்பந்தி!" என்று கத்தினார். மரகதம் அழுதாள், அதையும் உள்ளே போய் அழுதாள்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. கோதண்டபாணி தன் வீட்டின் ஆறு காலையும் கழற்றிப் பந்தலுக்குக் கொடுத்துவிட்டார். வீடுகள் வந்தும் போயும், ஊர் ஒருவழியாக முதலிடத்தை எட்டியது. மனிதர் திருப்தியாக ஒரு மாதம் இருந்தார்.

பிறகு கடையில் ஒரு கையடக்க நலமானியை வாங்கிவந்து, இரண்டு வீட்டையும் அளந்து பார்த்தார். சம்பந்தியின் வீடு முதலிடம், அவருடையது இரண்டாமிடம். உடனே தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ப் படுத்தார். காற்று வரவில்லை, காப்பி ஆறிப்போச்சு என்று அவர் சொல்லச் சொல்ல, சாயங்காலத்துக்குள் அந்த வீடு இரண்டாமிடத்துக்கு இறங்கியது. அவர் இல்லாத அவருடைய வீடு முதலிடத்துக்குப் போயிருந்தது. தலையணையோடு திரும்பினார். மறுநாள் மறுபடியும்.

புதுமணத் தம்பதிக்குத் தனிக்குடித்தனம் எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோதண்டபாணி எந்த வீட்டில் இல்லையோ அதுதான் அன்றைக்கு முதலிடம். அவர் தலையணையோடு முன்வாசலில் நுழைவதற்குள், அவர்கள் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.