ஞானபூரணம் வாங்காத நற்கருணை

எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தவக்காலம். புளியங்குடி ரோட்டில் இருந்த வேதமுத்துவின் வீட்டு வாசலில் அருமைநாயகம் சைக்கிளை நிறுத்தினார். அவர் தபால் ஆபீஸ் கிளார்க். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகவும், பூசையில் பங்குச் சாமியாரோடு நின்று கொடுக்கவும் ஆயரின் அனுமதி அவருக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது.

வேதமுத்துவின் மனைவி ஞானபூரணம் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அறை முழுக்கத் தைல வாடை.

"சாமியார் சிவகிரிப் பக்கம் போயிருக்காரு. வர நாளாகும். வாயத் திறம்மா."

"குத்தமா நெனைக்காதீங்க அண்ணாச்சி. சாமியார் கையாலதான் வாங்குவேன். காத்திருக்கேன்."

நற்கருணைச் சிமிழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

சாமியார் வந்து சேர்ந்தபோது அவளைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, விடிந்தும் விடியாத வேளையில் பூசை. சாமியார் ஒரு பக்கமும் அருமைநாயகம் ஒரு பக்கமும் நின்று நற்கருணை கொடுத்தார்கள். வரிசை முடிகிற நேரம், சில்லென்று ஒரு காற்று அருமைநாயகத்தின் விரல்களைத் தொட்டது. கூடவே தைல வாடை.

நிமிர்ந்து பார்த்தார்.

ஞானபூரணம்.

முக்காடிட்ட தலையோடு அவரைத் தாண்டிப் போய்ச் சாமியார் முன்னால் நின்றாள். கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். சாமியார் பாத்திரத்தை மூடிவிட்டுப் பீடத்துக்குத் திரும்பிவிட்டார்.

அவர் கண்ணுக்கு அவள் தெரியவில்லை.

வாராவாரம் வந்தாள். வாராவாரம் வெறும் வாயோடு நின்றாள்.

ஒருநாள் அருமைநாயகம் சாமியார் காதோரம் குனிந்தார். "சாமி, இன்னும் ஒரு ஆளு நிக்குது."

சாமியார் வெறுந்தரையைப் பார்த்தார். "யாருமில்லையே."

அதற்கு மேல் அருமைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. ஓர் ஓஸ்தி அப்பத்தை எடுத்துக்கொண்டு தானே அவளிடம் போனார்.

"அவருக்கு நீ தெரியலம்மா. எங்கையால வாங்கிக்கோ."

அவள் முதல்முறையாக அவரைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன. வெகுநேரம் தயங்கி, பிறகு வாயைத் திறந்தாள். அவள் நாக்கில் வைத்தார்.

ஓஸ்தி தரையில் விழுந்தது.

கோயிலே அவரைப் பார்த்தது. ஆண்கள் பக்கம் வேதமுத்து எழுந்து நின்றுவிட்டான். அருமைநாயகம் மண்டியிட்டார். கீழே விழுந்ததைக் கொடுப்பவரே உட்கொள்ள வேண்டும் என்பது முறை. எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கண்ணீராய் உப்புக் கரித்தது.

எழுந்தபோது அவள் வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"அண்ணாச்சி," என்றாள் மெல்ல. "இன்னும் வைக்கலியே."