பொது நிழல்

மகளுக்கு நிழல் விழவில்லை.

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். கூடத்துக் குழல்விளக்கு ரீங்கரிக்க, கொடியில் காயாத துணியின் ஈர வாடையும் சூடேறிய மடிக்கணினியின் கருகல் வாடையும் கலந்து மூக்கில் ஏற, குழந்தை சுவரோரம் நின்று விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"அம்மா, என் நாய்க்குட்டி சுவத்துல வரமாட்டேங்குதும்மா."

அம்மா நிமிர்ந்தாள். நாற்காலிக்கு நிழல் இருந்தது. மூலையில் சாத்திய குடைக்கும் இருந்தது.

"லைட்டு அப்படி விழுது குட்டிமா. கொஞ்சம் தள்ளி நில்லு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் பார்வை திரைக்குப் போனது. அவள் எழுதிக்கொண்டிருந்தது, ஓடும்போதே புதுப்புது கிளாஸ்களை உருவாக்கிக்கொள்ளும் ஜாவா புரோகிராம். கிளாஸ் என்பது ஓர் அச்சு மாதிரி, அதிலிருந்து எத்தனை பேரையும் வார்த்தெடுக்கலாம்; இது எந்தக் கோப்பிலும் எழுதப்படாத கிளாஸ். நினைத்த ஃபீல்டை, அதாவது ஒரு தன்மையை, சேர்க்கலாம், வேண்டாததை எடுக்கலாம். புரோகிராம் நின்றால் கிளாஸும் போகும், அதிலிருந்து பிறந்ததெல்லாம் போகும். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமே என்று சோம்பலில் 'மகள்' என்று வைத்திருந்தாள். குரல், உயரம், நிழல் என்று ஃபீல்டுகள்.

சற்றுமுன்தான் நிழலை எடுத்திருந்தாள்.

 அவசர அவசரமாக அந்த ஃபீல்டை மறுபடி சேர்த்து, புதிதாக ஒரு 'மகளை' உருவாக்கினாள்.

"வந்துடுச்சும்மா!"

சுவரில் நாய்க்குட்டி வாயைத் திறந்து மூடியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தச் சனியனை இப்போதே நிறுத்தித் தொலைக்கலாம் என்று நீண்ட விரல் பாதியில் நின்றது. நிறுத்தினால் பிறந்ததெல்லாம் போகுமே. அப்போதுதான் கண்ணில் பட்டது: பதற்றத்தில் நிழலுக்கு முன்னால் 'ஸ்டேட்டிக்' என்று அடித்திருந்தாள். அப்படி அடித்தால் அந்த ஃபீல்டு பொதுச்சொத்து. எத்தனை பேரை உருவாக்கினாலும் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

எத்தனை பேரை?

மின்சாரம் போனது. குழல்விளக்கின் ரீங்காரம் அடங்கியது. மழையும் திரை வெளிச்சமும் மட்டும்.

"அம்மா."

இடப்பக்கம் ஒரு குழந்தை அவள் சட்டையைப் பற்றியது.

"அம்மா."

வலப்பக்கம் இன்னொன்று.

ஒரே முகம். ஒரே குரல். தலையில் அதே ஷாம்பூ வாசனை.

"இதுல... யாருடி என் பொண்ணு?"

"நான்தாம்மா," என்றன இரண்டு வாய்களும், ஒன்றாக. "பயமா இருக்கும்மா. நிறுத்திடாத."

பழைய பேட்டரி. மடிக்கணினித் திரையின் மூலையில் சிவப்புக் குறி துடித்தது. திரை மங்கியது.

அவள் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய நிழல். பக்கத்தில் குழந்தை நிழல், ஒன்றே ஒன்று.

நான்கு சின்னக் கைகளும் அவள் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன.

சுவரில் நாய்க்குட்டி மெல்ல வாயைத் திறந்தது.