பின் சக்கரம் நேராகும் வரை

மூன்று வளைவுகளாகக் கோகிலவாணி அந்த மஞ்சள் காரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மலையுச்சி ஊரான பிரிஞ்சாங்கில் காய்கறி லாரிகளுக்கு டயர் இறக்கிவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. அந்தக் காரோ தரையைத் தொட்டும் தொடாமலும் தவழ்ந்தது... இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், வயிறு ஒட்டத் தாழ்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அதன் வால் ஒரு கணம் வெளியே நழுவி, மனசு மாறினாற்போல் திரும்பி வந்தது.

"போச்சு... இவன் சுத்தப் போறான்," என்று வேனுக்குள் தனியாகச் சொன்னாள்.

சொல்லி வாய் மூடவில்லை. நாலாவது வளைவில் மஞ்சள் கார் வழுக்கியது. அரைவட்டம் அடித்து, சாலையோரக் கால்வாய்க்கு ஒரு சாண் முன்னால், அவளைப் பார்த்தபடி நின்றது.

அவளும் பிரேக் மிதித்தாள். எதிரெதிரே இரண்டு முன்கண்ணாடிகள். இரண்டிலும் துடைப்பான்கள் இங்குமங்கும். நடுவே பயந்த கண்கள்... பெரிய, கறுத்த, இமை கொட்ட மறந்த கண்கள். ஒரு துடைப்பு... தெரிந்தன. மறு துடைப்பு... மழையில் கரைந்தன.

கோகிலவாணி குடையை மறந்து இறங்கி ஓடினாள்.

"அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல... இல்ல மிஸ். ரோட்டுல எண்ணெய் கொட்டியிருக்குபோல..."

"எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பின் சக்கரம் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போகப் பாக்குது."

அவன் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டான். "போன வாரம்தான் அலைன்மென்ட் பண்ணேன்."

"முன்னாடி பண்ணிருப்பீங்க. பின்னாடி?"

அவன் தலையை வெளியே நீட்டிப் பின் சக்கரத்தைப் பார்த்தான்.

"காரைத் தாழ்த்துனது யாரு?"

"நானேதான்," என்றான். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. "நீங்க என்ன மிஸ், ஜோசியம் பாக்குறீங்களா?"

"அலைன்மென்ட் பாக்குறேன். ஈப்போ பூந்தோங்குல பொன்னுதுரை டயர் கடை."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பல்ல... ஆனாலும் ஒரு பெண் சக்கரம் பார்க்கிறாள் என்றதும் ஆண்கள் சிரிக்கிற அதே சிரிப்பு. கோகிலவாணிக்கு எட்டு வருஷப் பழக்கம் அது. வேனில் ஏறினாள்.

ஆனால் கண்கள்... ச்சே. எதற்கு இப்போது அந்தக் கண்கள் ஞாபகத்துக்கு வருகின்றன?

நாலே நாளில் கார் கடை வாசலில் நின்றது.

"யுகேந்திரன்," என்று பேர் சொன்னான். "ஞாயித்துக்கிழமை கல்லுமலை ரோட்ல எங்க கார் கிளப்போட நேரப்போட்டி, ஒவ்வொருத்தரா ஓட்டி நேரம் பாப்பாங்க. போன ரெண்டு தடவையும் சுத்திட்டேன். எனக்கு வாலாட்டின்னே பேர் வச்சிட்டானுங்க."

கோகிலவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு காரை மேலே ஏற்றினாள். பின் டயர்களின் வெளிப்பக்கம் புதுசு போலிருந்தது. உள்பக்கமோ வழுக்கை... ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்தது.

"இதுக்கு முழுசா வழி பண்ணணும்னா காரை ஒண்ணரை விரல் உயர்த்தணும்."

"அது மட்டும் முடியாது மிஸ்."

"ரொம்பத் தாழ்ந்தா சக்கரம் உள்பக்கமா சாஞ்சிடுது. திருகுற இடமே மிச்சம் இல்லாம போயிடுது."

"வேற என்ன வேணாலும் பண்ணுங்க. உயர்த்தச் சொல்லாதீங்க லா."

சரி, உன் கார், உன் இஷ்டம். இருக்கிற இடத்துக்குள் திருகித் திருகி அவள் சக்கரக் கோணங்களைச் சரிக்குக் கொண்டுவந்தாள். கணினித் திரையில் எல்லாம் பச்சையாகியது. "தேங்க்ஸ் டாக்டர்!" என்று அவன் புறப்பட்டபோது அவள் காதுமடல் ஏன் சூடானது என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கார் திரும்பி வந்தது. முன் பம்பரில் நீளமாக ஒரு வெடிப்பு.

"நேத்து சாயங்காலம் பழகிப் பாக்கப் போனேன். அதே கதை!" நாலு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அவன் குரல் உயர்ந்தது. "கம்ப்யூட்டர்ல பச்சை காட்டுனா போதுமா மிஸ்? ரோட்டுக்குத் தெரியணுமே!"

அவளுடைய தாய்மாமா பொன்னுதுரை கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது.

"கோகி, தைப்பிங்லேர்ந்து ஓர் ஆள் வேலை கேட்டுட்டே இருக்கான். திங்கக்கிழமை அவனை வரச் சொல்லிடுறேன். நீ முன்னால உக்காந்து போனைப் பாரும்மா."

அழுகை வரவில்லை. கோபமும் முழுசாக வரவில்லை. அவள் மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கடையில் சரியாக இருந்தது, ரோட்டில் தப்பாகிறது. அப்படியென்றால் நடுவில் ஏதோ ஒன்று நகர்கிறது. எது?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க மாமா."

"வேணாம் மிஸ். நான் வேற கடை பாத்துக்குறேன்." யுகேந்திரன் சாவியை எடுத்தான்.

கோகிலவாணி போய்க் காருக்கு முன்னால் நின்றாள். கையில் ஸ்பேனர்.

"இந்தக் கார் இப்படியே வெளிய போனா நீங்களும் விழுவீங்க, நானும் விழுவேன். சாவியைக் குடுங்க."

"குடுக்கலைன்னா?"

"இங்கேயே நிப்பேன். எனக்கு மத்தியானம் வரைக்கும் பசிக்காது."

அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மலையில் பயந்து நின்ற அதே கண்கள்... இப்போது கோபத்தில் இன்னும் கறுப்பாக. கடைசியில் அவன்தான் பார்வையைத் தாழ்த்தினான். சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மறுபடி அளந்தாள். இடது பின் சக்கரம் அவள் விட்ட இடத்தில் இல்லை. முன்நுனி வெளியே விரிந்திருந்தது. விளக்கோடு அடியில் படுத்து, சக்கரத்தைத் திருப்பும் போல்ட்டைத் திருகிப் பார்த்தாள். திருகியது... திரையிலும் எண் மாறியது. கையை எடுத்தாள். மெல்ல, மிக மெல்ல, எண் பழைய இடத்துக்கே ஊர்ந்து போனது.

அவள் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

போல்ட் துருப்பிடித்து, அதைச் சுற்றியிருக்கும் அதிர்வு தாங்கி ரப்பரின் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. அன்று அவள் திருகியபோது போல்ட் சுற்றவில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டது. நாலு பள்ளம் ஏறி இறங்கியதும் முறுக்கு அவிழ்ந்துவிட்டது. அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை... அவள் எழுந்து நேராக மாமாவிடம் போனாள்.

"தப்பு என்னோடதுதான் மாமா. போல்ட் பிடிச்சிருந்ததை நான் பாக்கல." பிறகு யுகேந்திரன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தாழ்த்துனப்ப மத்த போல்ட்டையெல்லாம் எப்படி முடுக்குனீங்க?"

"ஜாக்குல ஏத்தி வச்சுத்தான்..."

"சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமா. ஏன்?"

"தொங்குறப்ப முடுக்குனா, கார் கீழ இறங்குனதும் ரப்பர் எல்லாம் முறுக்கிட்டு நிக்கும். எந்நேரமும் சக்கரத்தைப் பிடிச்சு இழுத்துட்டே இருக்கும். கார் பாரம் சக்கரத்துல இருக்கும்போதுதான் முடுக்கணும்."

அவன் தலையைச் சொறிந்தான். நாலு பேர் முன்னால் கத்தியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. "அப்ப பாதித் தப்பு என்னோடது..."

"பாதி இல்ல. கால்வாசி." அவள் புன்னகைத்துவிட்டாள். "மிச்சத்தை நான் எடுத்துக்குறேன்."

அன்றைக்கு மத்தியானம் வரை அந்த ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டினாள். சூடு காட்டினாள், எண்ணெய் விட்டாள், அடித்தாள். அசையவில்லை. கடைசியில் தீப்பொறி பறக்க அறுத்தே எடுத்தாள். புது ரப்பர், புது போல்ட் பொருத்தி மற்றதையெல்லாம் தளர்த்தி விட்டாள். காரை மேடையில் சக்கரங்கள் பதிய நிறுத்தினாள்.

"உங்க எடை எவ்வளவு?"

"எழுபத்திரண்டு... எதுக்கு?"

"ஓட்டுறப்ப காருல நீங்க இருப்பீங்கல்ல? அந்தப் பாரத்தோடதான் அளக்கணும். ஏறி உக்காருங்க. அசையாதீங்க."

இப்படியாக அவன் மேலே, அவள் கீழே. முகம் பார்க்க முடியாது. வெளியே ஈப்போவின் சாயங்கால மழை தகரக் கூரையில் கொட்டியது.

"மிஸ்... மூக்கு அரிக்குது."

"அரிக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க பேச பேச நேரம் கூடும்."

பிறகு அவளே கேட்டாள். "ஒண்ணரை விரல் உயர்த்த ஏன் அவ்வளவு பிடிவாதம்?"

"சொன்னா சிரிப்பீங்க."

"ஸ்பேனரை வாயில கடிச்சிருக்கேன். சிரிக்க முடியாது."

அவன் சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. "நான் மூணாம் வகுப்பு வாத்தியார்... இப்ப ஸ்கூல் லீவு. வீட்ல நாலு பேரு, நான் மூணாவது. ஒரு கல்யாணத்துக்குப் போனா, வந்தேனா இல்லையான்னுகூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்தக் காரைத் தாழ்த்துன அப்புறம்தான்... ஜனங்க திரும்பிப் பாத்தாங்க. உயர்த்திட்டா அதுவும் போயிடும்னு..."

கீழே ஸ்பேனர் நின்றது. எவ்வளவு பெரிய மனுஷன், எவ்வளவு சின்னப் பயம்... அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது.

"நான் மூணு வளைவு உங்க காரைப் பாத்தேன்," என்றாள் மெதுவாக. "நாலாவதுல உங்களைப் பாத்தேன். அதுக்கப்புறம் காரோட கலர்கூட எனக்கு மறந்துபோச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நல்ல வேளை, அடியில் இருட்டு.

மேலே இருக்கை ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு, "உயர்த்துங்க மிஸ்," என்றது குரல்.

ஒன்றரை விரல் உயர்த்தி, புதிதாக அளந்து, அவன் உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினாள். சனிக்கிழமை மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளந்தாள். எண்கள் இம்மியும் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்லுமலை ரோட்டில் வெயிலாக ஆரம்பித்தது, அவன் முறை வரும்போது மழையாகிவிட்டது. "வாலாட்டி, இன்னிக்கு வேணாம் லா, போய் ரொட்டி சானாய் சாப்பிடு!" என்று யாரோ கத்தினார்கள். பொன்னுதுரை குடைக்குள் கைகட்டி நின்றார். கோகிலவாணி விரல் நகம் உள்ளங்கையில் பதிய நின்றாள்.

கார் கிளம்பியது. முதல் வளைவு... இரண்டாவது... கடைசி வளைவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மூடவில்லை. மஞ்சள் கார் தண்ணீரைக் கிழித்தது, வளைந்தது, கோடு போட்டாற்போல் வெளியே வந்தது. வால் அசையவே இல்லை.

ஏழாவது இடம். அவன் குதித்த குதியைப் பார்த்தால் முதலிடக்காரன்கூட சந்தேகப்பட்டிருப்பான்.

பொன்னுதுரை கைப்பேசியை எடுத்தார். "தைப்பிங் தம்பியா? இல்லப்பா, நாளைக்கு வர வேணாம். என் அக்கா பொண்ணு இருக்கா. அவ போதும்." சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே வேனுக்குப் போனார்.

நனைந்த சட்டையோடு யுகேந்திரன் அவள் முன்னால் வந்து நின்றான்.

"மிஸ்... இனிமே காருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது. நான் முடுக்குனது."

"அடுத்த மாசம்?"

"ஆகாது."

"அதான் கவலையா இருக்கு." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "எதைச் சொல்லிட்டு நான் கடைக்கு வர்றது? பொய் சொல்லி வரப் பிடிக்கல. அதனால... உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, கோகி. தினமும் பாக்கணும்போல இருக்கு. ஆயுசுக்கும்."

மழை அவன் இமைகளில் தொங்கிச் சொட்டியது. இப்போது அந்தக் கண்களில் பயம் இல்லை... இல்லை, கொஞ்சம் இருந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

"எனக்கும்," என்றாள். மழைச் சத்தம் அதை விழுங்கியது. சத்தமாகத் திரும்பச் சொன்னாள். "எனக்கும் பிடிச்சிருக்கு, யுகன்."

"உங்க மாமாகிட்ட... யார் சொல்றது? அவரைப் பாத்தா எனக்குக் கைகால் நடுங்குது."

கோகிலவாணி நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். அவன் கையைப் பிடித்தாள். குடை இல்லாமல், விடாமல் இழுத்துக்கொண்டு, நேராக வேனைப் பார்த்து நடந்தாள்.

"மாமா, கொஞ்சம் இறங்குங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."