மூன்றாவது வரியில் முப்பத்தேழு டிகிரி

கம்ப்யூட்டரின் சூட்டைக் காட்ட இரண்டு வரிகள்தான் இருக்க வேண்டும். ஒன்று பிராசசருக்கு, மற்றொன்று மதர்போர்டுக்கு. அன்று காலை மூன்றாவதாக ஒரு வரி, கூப்பிடாத விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. பெயர் இல்லை. முப்பத்தேழு டிகிரி.

அவளுக்குத் தொழிலே சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான். வீட்டில், கட்டிலை ஒட்டிய மேசையில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் கணவன் வேலை பார்ப்பான். அதையும் அலுவலகத்திலிருந்தே அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வாள். டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். சூட்டை அளக்கும் சென்சார்களைப் புதிதாகத் தேடவைத்தாள். அந்த வரி போகவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கைத் தாடிக்காரரிடம் கேட்டாள்.

"சென்சார் மாட்டுற பின்னு காலியா இருந்தா வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லும்மா. அதைக் கண்டுக்காதேன்னு செட்டிங்ல ஒரு வரி எழுதிட்டு வேலையைப் பாரு."

"வாய்க்கு வந்ததுன்னா எப்பவும் வரணுமே சார்? நான் வீட்டை விட்டுக் கிளம்பினதும் ஏறுது. நான் திரும்புறதுக்குள்ள இறங்கிடுது."

"அப்ப உன் வீட்டுக்காரரைத்தான் கேக்கணும்" என்று சிரித்தார்.

விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுத அவள் விரல் போகவில்லை. முப்பத்தேழு, மனித உடம்பின் சூடு. அவன் பக்கத்தில் எவளோ உட்காருகிறாள், உடம்பின் சூடு கம்ப்யூட்டர் பெட்டியில் படும் அளவுக்கு ஒட்டி உட்காருகிறாள் என்றே மனம் அடித்துச் சொன்னது.

யோசித்தால் எல்லாம் பொருந்திவந்தது. கொளுத்துகிற வெயிலில் அவன் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறான், எதை மறைக்கிறானோ? கையைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறான். விளக்கு வைப்பதற்குள் தூங்கிப்போகிறான், அதுவும் சிரித்த முகமாக. அவளைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"ஏங்க, பகல்ல இங்க யாராச்சும் வர்றாங்களா?" அன்று வீடு திரும்பியதும் கேட்டாள்.

"யார் வரப்போறா? குளிருது, அந்த ஜன்னலைச் சாத்து."

பூசி மெழுகுகிறான் என்று நினைத்தாள். அவன் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தாள்தான். எவளையோ நினைத்து உருகுகிறான் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிராசசர் சும்மா கிடந்தது. வரி மட்டும் ஏறியது, வந்தவள் சாவகாசமாகச் சாய்ந்துகொள்வதுபோல. முப்பத்தேழைத் தொட்டு நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

வெளியே உருகும் தாரின் வாடையும் வண்டிகளின் இரைச்சலும் மாடிப்படி வரை கூடவே வந்தன. தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனதும் யாரோ வாயைப் பொத்தியதுபோல எல்லாம் அடங்கிப்போக, படுக்கையறைப் பக்கமிருந்து ஈரக் கூந்தலின் மணம் மட்டும் மெல்ல வந்தது. அவள் இன்று தலைக்குக் குளிக்கவில்லை.

கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. கட்டிலுக்கடியில் பார்த்தாள், அலமாரிக்குள் பார்த்தாள். கட்டிலின் சுவரோரத்தில் அவன் மட்டும் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

பெட்டியின் மூடியைக் கழற்றினாள். மூன்றாவது சென்சாரை மாட்டும் பின் காலியாக, மொட்டையாக நின்றது. தூசி. திரையில் இன்னும் முப்பத்தேழு.

அவன் நெற்றியைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது. மூச்சு இருந்தது. மிக மெல்லிய மூச்சு.

"என்னங்க... எழுந்திருங்க. என்னைப் பாருங்க!"

கண் திறக்கவில்லை. பக்கத்தில் படுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பொறாமை போன இடம் தெரியவில்லை, பயம்தான் இருந்தது. தன் சூட்டையெல்லாம் கொடுத்தாவது அவனைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

"கொஞ்சம் தள்ளிப் படு" என்றான் தூக்கத்தில். "அவளுக்கு இடம் வேணும்."

அவள் கையை விலக்கிவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

இருவருக்கும் நடுவே மெத்தை அழுந்தியது. மெதுவாக. முதலில் இடுப்பு. பிறகு தோள். தலையணையில் ஒரு குழி. அவள் வயிற்றில் வெதுவெதுப்பாக ஒரு முதுகு வந்து ஒட்டியது.

அவன் கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. தலையணைக்கு மேலே, வெறும் காற்றில், விரல்கள் எதையோ ஆசையாகக் கோதிவிட்டன. நடுவில் சிக்கின. பொறுமையாகச் சிக்கை எடுத்தன. மறுபடி கோதின.