இடது கண்ணில் மைனஸ் பத்து

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் அலுப்போடு எடுத்தார்.

"ஐயா... தம்பின் ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்துல, ஆளுங்களை வேலை வாங்குற மண்டோர் முருகையா செத்துக் கிடக்கிறாரு! யாரோ தள்ளி விட்ட மாதிரி, கல்லுல மண்டை அடிபட்டிருக்கு!"

இன்னொரு பிணம்... காலைப் பசியாறல் போச்சு!

பிணத்தின் அருகே ஒரு மூக்குக்கண்ணாடி. வலது பக்கம் வெறும் கண்ணாடி. இடது பக்கம் தடிமனோ தடிமன்!

தோட்டத்தில் அப்படி ஒன்று சசிதரனுக்குத்தான் உண்டு. வேலை சுங்கை காடுட் ஃபேக்டரியில், குடியிருப்பு தோட்டத்து வீட்டில். அந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லி முருகையா நேற்றுதான் கத்தியிருந்தார்.

மத்தியானமே அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள்.

"என் பழைய கண்ணாடிதான் சார். ஆனா போட்டே மாசக் கணக்காச்சு! வலது நல்ல கண்ணு. இடது மைனஸ் பத்து. கண்ணாடி போட்டா ஒரே மரம் பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணுன்னு ரெண்டா தெரியும். தலை சுத்தும். அதான் டாக்டர் இடது கண்ணுக்கு கான்டேக்ட் லென்ஸ் கொடுத்தாரு. கண்ணுலயே ஒட்டிக்கிட்டா ரெண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ்!"

"இப்பவும் போட்டிருக்கியா?"

"காலையில போட்டது, இன்னும் கண்ணுலதான் இருக்கு! யாரோ என் பழசைத் திருடி என்னை மாட்டி விடுறாங்க சார்!"

திருச்செல்வம் கொட்டாவி விட்டார்.

"சரிப்பா... உன்னுதுதான்னு உறுதி பண்ணிக்கிறேன். அதை மாட்டு. வலது கண்ணைப் பொத்து. சுவத்துல இருக்கிற குதிரைப் படம் போட்ட காலண்டரைப் படி."

சசிதரன் உற்சாகமாக மாட்டினான். தேதி, பள்ளி விடுமுறை, அடியில் இருந்த மளிகைக்கடை விலாசம் வரை கடகடவென்று படித்தான்!

"பளிச்சுனு தெரியுதா?"

"பளிச்சுனு சார்! என்னுதேதான்!"

"உள்ள லென்ஸ் மைனஸ் பத்து. மேல கண்ணாடி இன்னொரு மைனஸ் பத்து. ரெண்டும் சேர்ந்தா எல்லாம் கலங்கிப் போவணுமேப்பா..."

சசிதரன் அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினான்!

திருச்செல்வம் மேஜையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை வைத்தார்.

"இந்த லென்ஸ் மண்டோர் சட்டைக் காலர்ல காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு. எனக்கும் ஒரு கண்ணு இப்படித்தான். அதான் பாத்ததுமே தெரிஞ்சுது."

சசிதரன் உடைந்து அழுதான்.

"படுத்த படுக்கையா கிடக்கிற அம்மாவைத் தூக்கி வெளிய போடுவேன்னாரு சார்... எதிர்த்துப் பேசினேன், அறைஞ்சாரு. லென்ஸ் தெறிச்சிடுச்சு. தள்ளினேன்... சாவாருன்னு நினைக்கல! அவசரத்துக்குன்னு பாக்கெட்டுல வச்சிருந்த பழசை மாட்டிக்கிட்டு ஓடப் பாத்தேன். தலை சுத்தி விழுந்தேன். கண்ணாடி போன இடமே தெரியல..."

திருச்செல்வத்துக்குப் பாவமாக இருந்தது. அதற்காக விட முடியுமா?

"போய்ப் படுப்பா. லென்ஸைக் கழட்டிட்டுத்தான் தூங்கணும்னு டாக்டர் சொல்லியிருப்பாரே... லாக்கப்புல உனக்கு அந்த வேலை மிச்சம்!"